அம்மாக்கள் வரிசையில் ஒரு ஸ்கவுட்

நெல்டா ப்ரூயிட்டைப் பேஸ்பால் மைதானத்தில் முதன்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இதுல உங்க பையன் யாருங்க?"

"இன்னும் முடிவு பண்ணலை" என்பார் நெல்டா.

கேட்டவர் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுப்பார். நெல்டா தன் மடக்கு நாற்காலியை விரித்து, வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைப்பார். ஆட்டம் முடிவதற்குள் அந்த வரிசையில் இருக்கும் அம்மாக்கள் அத்தனை பேரும் அவருக்குச் சிநேகிதிகள். அவர் சொன்ன பதில் வேடிக்கை அல்ல, முழு உண்மை என்பது அவர்களுக்கு மெதுவாகத்தான் தெரியவரும்.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் பெரிய குழுக்கள் முறை வைத்துப் பள்ளிப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும். முதல் சுற்றுகளில் பெயர் வந்தவன் பணக்காரன். கடைசிச் சுற்றில் வந்தவனுக்குப் பேருந்துச் செலவு மிஞ்சும். அந்தத் தேர்வுக்கு முன் ஊர் ஊராகப் போய்ப் பதினேழு வயதுப் பையன்களை எடைபோடுகிறவர்தான் ஸ்கவுட். தெற்கு ஜார்ஜியா முழுவதும் ஒரு வடக்கத்திக் குழுவுக்காக நெல்டாதான் அலைந்தார். எங்கள் ஹார்லோ ஊரில், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பள்ளி மைதானத்தில் ஆட்டம் நடந்தால் ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பதும் நான்தான். ஆகையால் நான் சொல்வதில் பெரும்பகுதி கண்ணால் கண்டது.

மற்ற ஸ்கவுட்டுகள் வலைக்குப் பின்னால், மின்கம்பியில் காக்கைகள் உட்கார்வதுபோல வரிசையாக உட்கார்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் பந்தின் வேகத்தை அளக்கும் துப்பாக்கி. பையன் எறியும்போது எல்லாத் துப்பாக்கியும் ஒன்றாக நிமிரும். எறிந்து முடித்ததும் ஒன்றாகத் தாழும். நெல்டாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. அது பெரும்பாலும் காரிலேயே கிடக்கும்.

"வேகத்தை அது சொல்லும். ராத்திரி முழங்கைக்கு ஐஸ் வச்சுக்கிட்டுத் தூங்கினானான்னு அது சொல்லாது. அம்மா சொல்லுவா" என்பார்.

சொல்லத்தான் செய்தார்கள். யாருக்குத் தோள் வலி, எவன் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறான், எவனுக்குக் காதலி விட்டுப்போனதில் பந்து திசை தெரியாமல் போகிறது, எல்லாம் அந்த நிலக்கடலைப் பொட்டலத்தைச் சுற்றி வந்து விழுந்தன. நெல்டா யாரையும் ஏமாற்றவில்லை. தலையில் குழுவின் சின்னம் போட்ட தொப்பியை வெளிப்படையாகத்தான் அணிந்திருந்தார். ஐம்பத்து மூன்று வயதுப் பெண் தலையில் தொப்பி இருந்தால் அது மகனுடையது என்று ஊர் முடிவு செய்துகொண்டது. அதற்கு அவர் என்ன செய்வார்.

அவருக்கு இந்த வேலை கிடைத்த கதையே ஒரு கூத்து. பல ஆண்டுகள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலில் பந்து பிடிக்கிறவராக இருந்து இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். அந்தக் குழுவின் முதலாளிக்கு ஒருநாள், எங்களிடமும் ஒரு பெண் இருக்கிறார் என்று பத்திரிகைகளுக்குக் காட்ட ஆசை வந்தது. நெல்டாவைப் பிடித்தார்கள், தொப்பி மாட்டினார்கள், படம் எடுத்தார்கள். படம் வெளியான மறுநாளே அவரை மறந்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் அவர் பையன்களைப் பரிந்துரைத்தார். ஒன்பது ஆண்டுகளும் குழு அவர் சொன்னவர்களில் ஒருவனைக்கூட எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதில் மூவர் வேறு குழுக்களில் இன்று தொலைக்காட்சியில் ஆடுகிறார்கள்.

அவருக்கு மேலே இருந்தவர் கர்ட் லாம்பெத் என்ற மேற்பார்வையாளர். நெல்டாவைவிடப் பத்து வயது இளையவர். ஒவ்வொரு முறையும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்.

"உங்களுக்குத் தாய் மனசும்மா. எல்லாப் பையனும் உங்க கண்ணுக்கு நல்லாத்தான் தெரிவான்."

நெல்டாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. லாம்பெத்துக்கு நான்கு பிள்ளைகள். அவருக்குத் தந்தை மனசு என்று யாரும் குறை சொன்னதில்லை.

இந்த ஸ்கவுட்டுகளின் விஞ்ஞானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஏன் பூஜ்யத்தில் தொடங்கி நூற்றில் முடியவில்லை என்று நான் கேட்ட ஸ்கவுட்டுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம் என்றார்கள். எல்லா மூடநம்பிக்கைக்கும் பிறப்புச் சான்றிதழ் இதுதான். பையனுக்கு "நல்ல முகம்" இருக்க வேண்டும்; தாடை சதுரமாக இருந்தால் கடைசிவரை போராடுவான். சாமுத்திரிகா லட்சணம் பார்த்துப் பெண் தேடுகிறவர்கள்கூட இத்தனை வக்கணை பேசமாட்டார்கள். வெள்ளைப் பையன் நன்றாக ஆடினால் "அறிவாளி, உழைப்பாளி" என்று எழுதுவார்கள். கறுப்புப் பையன் அதே ஆட்டத்தை ஆடினால் "பிறவியில் வாய்த்த உடல்" என்று எழுதுவார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அவனும்தான் ஓடினான். அந்த ஓட்டத்தை யார் கணக்கில் வரவு வைத்தார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே அப்பனைப் பார்க்கிற வழக்கம். பையன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்று தெரிய வேண்டுமாம். அதற்காகப் பார்வையாளர் மேடையில் அப்பன் எங்கே என்று தேடிப் பிடித்து, தோளையும் மணிக்கட்டையும் தூரத்திலிருந்தே அளப்பார்கள், கன்றுக்குட்டி வாங்கப் போனவன் காளையைச் சுற்றிவந்து பார்ப்பதுபோல. பிள்ளைக்குப் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது என்று நான் ஒன்பதாம் வகுப்பில் நடத்துகிறேன். அந்த ஸ்கவுட்டுகள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். எப்படித் தாண்டினார்கள் என்பதுதான் புரியவில்லை.

நெல்டாவை மட்டும் பகுத்தறிவின் திருவுருவம் என்று நினைத்துவிட வேண்டாம். முகத்தையும் தாடையையும் கேலி செய்கிறவருக்குப் பின்புறத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. பந்து எறிகிறவனுக்குப் புட்டம் பெரிதாக இருக்க வேண்டும், வேகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது அவர் வேதம். அதை அறிய அவர் கையாண்ட வழியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"ஏம்மா, உன் பையனுக்கு பேண்ட் எங்க வாங்குறே?"

"அதை ஏன் கேக்குறே நெல்டா. இடுப்புக்குச் சரியா இருந்தா உக்காந்ததும் கிழியுது. உக்கார இடம் விட்டு வாங்கினா இடுப்புல நிக்க மாட்டேங்குது. மாசம் ரெண்டு தைக்கிறேன்."

நெல்டாவின் கண் மின்னும். ஒரு கடலையை உரித்து அந்த அம்மாவின் கையில் வைப்பார்.

"இதுக்கு என்ன ஆதாரம் நெல்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆதாரம் பின்னாடி இருக்கு வாத்தியாரே, திரும்பி நிக்கச் சொல்லிப் பாருங்க" என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒடெசா ஃபர்லோ ஒருநாள், தன் மகனுக்குப் பேண்ட் கிழிகிற துயரத்தைச் சொன்னார்.

ஒடெசா எங்கள் ஊரில் தபால் பட்டுவாடா செய்கிறவர். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வேலை முடிந்து சீருடையோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். அவர் மகன் மார்லன் எங்கள் பள்ளியின் முதன்மைப் பந்து எறிபவன். ஐந்தடி பத்து அங்குலம். ஸ்கவுட்டுகளின் கணக்கில் அது குள்ளம். அவன் வீட்டுப்பாடம் கொண்டுவராத காரணங்களில் மட்டுமே கற்பனை வளம் காட்டுகிறவன். ஆனால் பந்தைக் கையில் வாங்கிவிட்டால் வேறு ஆள். அவன் எறியும் பந்து கடைசி நொடியில் ஏதோ நினைவு வந்ததுபோலத் திசை மாறும். அடிக்க நிற்கிறவன் காற்றை அடித்துவிட்டு, தன் மட்டையையே சந்தேகத்தோடு பார்ப்பான்.

அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே லாம்பெத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். "பாருங்கம்மா, மேல இருந்து கேக்குறாங்க. ஒன்பது வருஷமா உங்க ஏரியாவுல ஒரு பையன்கூட வரலை. இந்த வருஷம் முதல் மூணு சுத்துக்குள்ள உங்க பையன் ஒருத்தன் போகணும். இல்லைன்னா செப்டம்பர்ல ஒப்பந்தம் முடியுது, அத்தோட சரி."

நீங்கள் எடுக்காததால்தானே வரவில்லை என்று நெல்டா கேட்கவில்லை. "சரி" என்றார். பட்டியலில் முதலிடத்தில் மார்லன் ஃபர்லோ பெயரைப் போட்டார். இரண்டாம் இடத்தில் யாரையும் போடவில்லை.

மார்ச் கடைசியில் லாம்பெத் நேரில் பார்க்க வந்தார். வேறு குழுக்களின் ஸ்கவுட்டுகளும் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். மார்லன் அன்று ஒழுங்காகத்தான் எறிந்தான். துப்பாக்கிகள் நிமிர்ந்தன, தாழ்ந்தன. ஆனால் காக்கைகளின் முகத்தில் பசி தெரியவில்லை. உயரம் போதாது. அடுத்து, வழக்கப்படி எல்லாக் கண்களும் அப்பனைத் தேடி மேடைப் பக்கம் திரும்பின.

மேடையின் மேல்வரிசையில் ஹோஷேயா பிங்க்னி நின்றுகொண்டிருந்தார். ஆறடி ஐந்து அங்குலம். கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். பிறந்ததிலிருந்து எந்தப் பந்தையும் எறிந்ததில்லை. சர்ச் வாத்தியக் குழுவில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவர், வார இறுதியில் பன்றிக்கறியைப் புகையில் வாட்டி விற்கிறவர். ஃபர்லோ குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. மார்லன் ஆடினால் வந்து தொண்டை கிழியக் கத்துவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அவருக்குப் பக்கத்தில், முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு, ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ள ஒரு வழுக்கைத்தலை வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் லீலண்ட் ஃபர்லோ. ஊரில் பாதிப் பேருக்குப் பல்செட் செய்து கொடுத்தவர். மார்லனின் அப்பா அவர்தான்.

லாம்பெத்தின் பார்வை லீலண்ட்மேல் விழுந்து, வழுக்கி, ஹோஷேயாவிடம் போய் நின்றது. மார்லனுக்கு அம்மாவின் கறுப்பு நிறம்; கறுப்புப் பையனுக்கு அப்பனைத் தேடிய கண் கறுப்பு மனிதர்களுக்குள்ளேயே தேடியது. வந்திருந்த அத்தனை ஸ்கவுட்டுகளும் அதே தப்பைச் செய்தார்கள். பக்கத்தில் இருந்த யாரிடமாவது கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்பது அநாகரிகம் என்று நினைத்தார்களோ என்னவோ. கேட்காமலே முடிவு செய்வது நாகரிகம் போலும். சீருடையில் கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒடெசாவை ஒருவரும் பார்க்கவில்லை. கடிதம் கொடுக்க வந்தவர் என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் லாம்பெத் அம்மாக்கள் வரிசைக்கே வந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"அப்பாவைப் பார்த்தேன் நெல்டா."

"பார்த்தீங்களா?"

"என்ன தோள். கதவு மாதிரி."

நெல்டா ஒரு கணம் யோசித்தார். லீலண்டின் தோளை அவர் நன்றாகப் பார்த்திருக்கிறார். சட்டை மாட்டுகிற கொக்கி அளவுக்கு இருக்கும். ஆனால் ஒன்பது ஆண்டில் முதன்முறையாக மேலதிகாரி தன் பையனைப் புகழும்போது, தோளைப் பற்றிச் சண்டை போடுவானேன்?

"தங்கமான மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

"பையன் இன்னும் நாலு அங்குலம் வளருவான். நான் சொல்றேன், பாருங்க. நானே எழுதி அனுப்புறேன்."

அன்று மாலை நெல்டா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "லாம்பெத்துக்குக் கண்ணுல என்னவோ கோளாறு வாத்தியாரே. நமக்குச் சாதகமான கோளாறு, அதனால டாக்டரைப் பாருங்கன்னு சொல்லலை" என்றார். உண்மை என்னவென்று அவருக்கும் அப்போது தெரியாது.

தெரிந்தது மூன்று வாரம் கழித்து, லாம்பெத் ஃபர்லோ வீட்டுக்குப் போனபோது. பையனைத் தேர்வதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பேசுவதும் ஒரு சடங்கு. இந்தக் காட்சியை ஒடெசா என் மனைவிக்கும் எனக்கும் நடித்தே காட்டியிருக்கிறார்.

நெல்டாவும் லாம்பெத்தும் கதவைத் தட்டினார்கள். கையில் பாதி மெருகேற்றிய மேல்வரிசைப் பல்செட்டோடு லீலண்ட் வந்து திறந்தார்.

"வணக்கம். அப்பா வீட்ல இருக்காரா?" என்றார் லாம்பெத்.

"எங்கப்பாவா? அவர் செத்துப் பதினோரு வருஷமாச்சுங்களே" என்றார் லீலண்ட்.

"இல்ல இல்ல. பையனோட அப்பா."

"அது நான்தான். உள்ள வாங்க. கையைக் குலுக்க முடியாது, கையில திருமதி ஹட்சின்ஸோட பல்லு இருக்கு."

லாம்பெத் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து ஒடெசா சோளரொட்டித் தட்டோடு வந்தார். லாம்பெத் குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற தோரணையில் கேட்டார்.

"அப்ப பையனோட... சொந்த அப்பா?"

ஒடெசா தட்டை மேசையில் வைத்தார்.

"சார், நான் இந்த ஊர்ல பதினெட்டு வருஷமா தபால் போடுறேன். எந்தக் கடுதாசி எந்த வீட்டுக்குன்னு ஒரு நாளும் தப்பினதில்லை. என் பையன் எந்த வீட்டுக்குன்னு மட்டும் தப்பியிருப்பேன்னு நினைக்கிறீங்களா?"

லீலண்ட் சிரித்துவிட்டார். நெல்டா சிரிக்கவில்லை, அவருக்கு அப்போதுதான் எல்லாம் புரியத் தொடங்கியிருந்தது.

"இல்ல மேடம், மேடையில ஒரு பெரியவர்... உயரமா..."

"ஹோஷேயாவா?" என்றார் லீலண்ட். "பக்கத்து வீடு. அவன் வாட்டுற கறி சாப்பிட்டிருக்கீங்களா? கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் லாம்பெத். சோளரொட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு பேச வேண்டியிருக்காது அல்லவா?

திரும்பும் வழியில் காரில் நடந்ததை நெல்டா சொல்லிக் கேட்டது.

"ஏன் சொல்லலை?" என்றார் லாம்பெத்.

"என்னன்னு சொல்றது? அப்பாவைப் பார்த்தேன்னு நீங்க சொன்னீங்க. யார் அப்பாவைன்னு நான் கேட்டிருக்கணுமா?"

"அஞ்சடி நாலு அங்குலம் நெல்டா. அஞ்சடி நாலு. பையன் இதுக்குமேல வளர மாட்டான்."

"அம்மாவைப் பார்த்தீங்கல்ல? ஆறடிக்கு ஒரு அங்குலம்தான் குறைச்சல்."

"அம்மா கணக்குல வராது."

"எந்தக் கணக்குல?"

"நம்ம கணக்குல. எப்பவும் அப்பாதான்."

"சரி, யாரும் கணக்குல வர வேண்டாம். மார்ச்ல போட்ட அதே பந்தைத்தான் அவன் நேத்தும் போட்டான். அப்பன் சுருங்கினதுல பந்து சுருங்கிடுச்சா?"

 லாம்பெத்துக்கு வேறு கவலை. தந்தையை நேரில் பார்த்ததாகவும் தோள்கள் கதவு போன்றவை என்றும் அவர் எழுதியனுப்பிய வாக்கியம், குழுவின் தேர்வுத் தலைவருக்கு மிகவும் பிடித்துப்போய், அவர் அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியிருந்தார். இப்போது திருத்த வேண்டுமானால், கறுப்பாக இருந்த முதல் பெரிய மனிதரை அப்பா என்று எண்ணிவிட்டேன் என்று எழுத வேண்டும்.

"நான் இதைப் பத்திப் பேசப் போறதில்லை" என்றார் கடைசியில். "பேச்சு வரலைன்னா பேரு தானா அழியும்."

"பேச்சு வந்தா நான் உள்ளதைச் சொல்லுவேன்" என்றார் நெல்டா.

"சொல்லுங்க. யாரு வேண்டாங்குறா."

ஜூலை வந்தது. தேர்வுக்கு முந்தின வாரம் குழுவின் கடைசிக் கூட்டம். வட்டார ஸ்கவுட்டுகள் எல்லோரும் தொலைபேசியில் சேர வேண்டும். நெல்டாவின் வீட்டில் கைபேசி விட்டுவிட்டுத்தான் பேசும். எங்கள் சமையலறை ஜன்னலோரத்தில் தெளிவாகக் கேட்கும். ஆகவே அவர் எங்கள் மேசையில் கைபேசியை வைத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். என் மனைவி பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று நெல்டா முதலிலேயே சத்தியம் வாங்கியிருந்தார்.

முதல் இரண்டு சுற்றுக்கான பேச்சு நடந்தது. ஒருவனுக்கு முகம் நன்றாயிருந்தது. இன்னொருவன் அப்பா கால்பந்து ஆடியவர். நெல்டாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் சுற்று வந்ததும் தேர்வுத் தலைவரே கேட்டார்.

"கர்ட், ஜார்ஜியாவுல ஒரு பையன் இருந்தானே. அப்பா தோள் கதவு மாதிரின்னு எழுதியிருந்தியே."

"ஃபர்லோ" என்றார் லாம்பெத். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அவனேதான். நெல்டா, உங்க பையன்தானே, ஏதாவது சொல்லணுமா?"

வேலை போவதும் நிலைப்பதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. "எல்லாம் கர்ட் எழுதினதுதான் சார்" என்று சொல்லிவிட்டால் போதும். அது பொய்கூட ஆகாது. நெல்டா மேசையைப் பார்த்தார். என் மனைவி நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"இருக்கு சார். அப்பா அஞ்சடி நாலு அங்குலம். அதுக்கும் இவன் பந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த மாநிலத்துல இவனை மாதிரி யாரும் எறியலை. அப்பாவை விட்டுட்டுப் பையனை எடுங்க."

 அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்கள் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"அஞ்சடி நாலா?" என்றார் தலைவர், சிரிப்பு அடங்காமல். "கர்ட், நீ நேர்ல பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"அஞ்சடி நாலா?"

 

"நெல்டா எப்பவும் மேடையில கீழ்வரிசையில அம்மாங்களோட உக்காருவாங்க சார்" என்றார் லாம்பெத். "அங்கேருந்து பார்த்தா உயரம் சரியாத் தெரியாது."

"அதான் பார்த்தேன்" என்றார் தலைவர்.

கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் குட்டையானவனும் நெட்டையாகத்தான் தெரிவான். அந்தத் தொலைபேசியில் இருந்த அத்தனை மூளைகளில் ஒன்றுகூட அதை யோசிக்கவில்லை. நான் சத்தியத்தை மீறி எழுந்தேவிட்டேன். நெல்டா கையை உயர்த்தி என்னை உட்கார வைத்தார்.

"அஞ்சடி நாலு சார்" என்றார் மறுபடி, நிதானமாக. "நான் அவரோட வீட்டுக்குப் போயிருக்கேன்."

"சரிம்மா, சரி" என்றார் தலைவர், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரலில். "மூணாவது சுத்துல ஃபர்லோ. அடுத்தது."

நெல்டா தொலைபேசியை அணைத்தார். என் மனைவி பீச் துண்டுகளை அவர் முன் நகர்த்தினாள். அவர் நான்கைந்து துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார்.

"ஒன்பது வருஷமா உள்ளதைச் சொல்றேன், யாரும் நம்பலை" என்றார். "நம்பாததால நல்லது நடந்தது இதுதான் முதல் தடவை."

"அந்த லாம்பெத் உன்னை அவமானப்படுத்தினான் நெல்டா" என்றாள் என் மனைவி.

"ஆமா. பையனை எடுத்துட்டாங்க. ஆமா."

மூன்றாம் சுற்றில் மார்லன் ஃபர்லோவின் பெயர் அறிவிக்கப்பட்டது. ஹோஷேயா அன்று ஒரு முழுப் பன்றியை வாட்டினார். குழு வெளியிட்ட செய்தியில், பையனைக் கண்டெடுத்தவர் மேற்பார்வையாளர் கர்ட் லாம்பெத் என்றிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் ஆடிய ஆட்டத்தில் எங்கள் நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நெல்டா அசையவில்லை. செப்டம்பரில் ஒப்பந்தம் வந்தது, இரண்டு ஆண்டுக்கு. கையெழுத்துப் போட்டார்.

"உனக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு வாத்தியாரே. கையெழுத்து போட்டு அனுப்பிட்டு, அது போய்ச் சேர்ந்துச்சான்னு கேட்டுக்கிட்டு, அப்புறம் கோபப்பட்டேன்."

அவர் கோபப்பட்ட விதம் இது: தேர்வுத் தலைவரையே தொலைபேசியில் அழைத்து, "அக்டோபர்ல பயிற்சி முகாமுக்குப் பையனோட வீட்டுக்காரங்க வர்றாங்க சார். நீங்களே வந்து கையைக் குலுக்கிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

தலைவர் முகாம் நடக்கும் ஃப்ளோரிடாவுக்குப் போனார். மார்லன் அங்கே தன்னைவிட நான்கு வயது மூத்தவர்களைக் காற்றை அடிக்க வைத்துக்கொண்டிருந்தான்; உயரம் அதே ஐந்தடி பத்துதான். வேலியோரம் லீலண்டும் ஒடெசாவும் நின்றிருந்தார்கள். அவர்களோடு தலைவர் பத்து நிமிடம் பேசினார். லாம்பெத்திடம் அவர் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் லாம்பெத்தின் பொறுப்பு வடக்கு டகோட்டாவுக்கு மாற்றப்பட்டது என்பது தெரியும். அங்கே ஏப்ரல் வரை மைதானத்தில் பனி.

முகாமுக்குப் போய்வந்த மறுநாளே தலைவர் நெல்டாவை அழைத்திருந்தார். நெல்டா அப்போது எங்கள் சமையலறையில்தான் இருந்தார்.

"மிஸ் ப்ரூயிட், அவர் அஞ்சடி நாலுதான்."

"ஆமா சார்."

"நான் அதைப் பத்திப் பேசக் கூப்பிடலை. அந்த அம்மா... என்ன உயரம், என்ன கை. நான் அம்மாவைப் பார்க்கவே இல்லையே இத்தனை வருஷமா. அவங்களுக்கு இன்னொரு பையன் இருக்கானா?"

"பொண்ணு ஒருத்தி இருக்கா சார். பதினஞ்சு வயசு. இப்பவே அண்ணனைவிட ரெண்டு அங்குலம் கூட. அவ எறியறதைப் பார்த்தீங்கன்னா அண்ணனை மறந்துருவீங்க."

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நெல்டா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"ஓ" என்றார் தலைவர். "பொண்ணா."